மழைப் பெய்தது: இலக்கணம் திருத்தும் பாட் தடுமாறினால் எங்கே பார்ப்பது

கோத்தகிரியில் எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில், சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில், உள்ளங்கை அளவு ராஸ்பெரி பை ஒன்று இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. நீலகிரியில் இருக்கிற நாங்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து வைத்திருக்கும் மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளச் சர்வரில் ‘ஒற்று’ என்று ஒரு கணக்கு உண்டு. எழுதிப் போடுகிறவர் அதன் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டால், பதிவில் உள்ள சந்திப்பிழை, எழுத்துப்பிழைகளை அது எடுத்துச் சொல்லும். ஆள் இல்லாமல் தானே பதில் போடும் இப்படிப்பட்ட நிரலைத்தான் பாட் என்கிறார்கள். அதை ஓட்டுவது இந்தக் குட்டிக் கணினிதான். நிரலைப் பைத்தானில் எழுதியவள் நான். எது சரி, எது தப்பு என்று சொல்கிறவர் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நான் அவரை ஐயா என்பேன்.

இதே மாதிரி ஒன்றைக் கட்டுகிறவர்களுக்காக, கண்ணில் படும் கோளாறுகளின்படி பிரித்து எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் பாட் என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். மழையைப் பற்றிய பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

தொடங்கும் முன் ஒன்று. சந்திப்பிழைக்கு நீச்சல்காரன் உருவாக்கிய நாவி, எழுத்துப்பிழைக்கு அவருடைய வாணி இரண்டும் இணையத்தில் இருக்கின்றன. தமிழை எழுத்து எழுத்தாகப் பிரிக்க ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நூலகம் இருக்கிறது. புதிதாக எதையும் எழுதுவதற்கு முன் இவற்றில் ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுங்கள். எந்த வாக்கியத்தில் நாவி என்ன சொல்கிறது என்று பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

கூப்பிட்டால் பதிலே இல்லை

முதலில் டோக்கனை, அதாவது சர்வருக்குள் நுழைய பாட் காட்டும் ரகசியச் சாவியைப் பாருங்கள். மாஸ்டடானில் செயலியைப் பதிவு செய்யும்போது படிக்கும் உரிமை, எழுதும் உரிமை என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். படிக்க மட்டும் உரிமை இருந்தால் அழைப்பெல்லாம் ஒழுங்காக வந்து சேரும், பதில் போடப் போகும்போதுதான் 403, அதாவது ‘அனுமதி இல்லை’ என்று திரும்பும். எழுதும் உரிமையைப் பிற்பாடு சேர்த்தாலும் பழைய டோக்கனுக்கு அது ஒட்டாது. டோக்கனைப் புதிதாக எடுத்தால்தான் வேலை நடக்கும்.

டோக்கன் சரியா? அப்புறம் மொழிக்குறி. ஒவ்வொரு பதிவோடும் ‘இது இன்ன மொழி’ என்று ஒரு குறி வரும். தமிழ் என்று இருந்தால் மட்டும் எடு, இல்லையென்றால் விடு என்று நிரலில் எழுதியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். ஆனால் நம்மில் பலருடைய போன் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதிலிருந்து சுத்தத் தமிழில் எழுதினாலும் குறி ஆங்கிலம் என்றே போகும். ஆகவே குறியை விட்டுவிட்டு எழுத்துகளை எண்ணுங்கள். பதிவில் உள்ள எழுத்துகளில் பெரும்பகுதி யூனிகோட் தமிழ்த் தொகுதிக்குள் விழுந்தால் அது தமிழ் எழுத்தில் உள்ள பதிவு. அது தமிழ் மொழிதானா என்பது வேறு கேள்வி. அதற்குக் கீழே வருகிறேன்.

இரண்டும் சரியாக இருந்தும் சில நாட்களில் மட்டும் பதில் வரவில்லை என்றால், இணைப்பு அறுந்து மீண்ட நேரத்தைப் பாருங்கள். கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும் என்றால், கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குதான். ஒரு மரம் சாய்ந்தால் கரண்ட் போய்விடும். கரண்ட் வந்தாலும் இணைப்பு வர இன்னும் நேரமாகும். புதியவற்றை வந்த நொடியே அனுப்பும் மாஸ்டடானின் நேரலை ஓடையில் நீங்கள் இல்லாதபோது வந்த அழைப்புகள் மறுபடி வராது. மீண்டும் இணைந்ததும் அறிவிப்புப் பட்டியலை நீங்களேதான் கேட்டு வாங்க வேண்டும். அங்கே ஒரு பொறி இருக்கிறது. ‘சின்ஸ்_ஐடி’ என்று கொடுத்தால் ஆகப் புதியவை ஒரு பக்கம் மட்டும் வரும், நடுவில் உள்ளவை விடுபட்டுப் போகலாம். ‘மின்_ஐடி’ கொடுத்தால் நீங்கள் கடைசியாகப் பார்த்ததற்கு அடுத்ததிலிருந்து வரிசையாக வரும். இந்த வேலைக்கு மின்_ஐடிதான் வேண்டும்.

ஒரே சொல்லைத் துண்டு துண்டாகப் பார்க்கிறது

பாட் தான் செய்வதையெல்லாம் எழுதிவைக்கும் பதிவேட்டைத் திறந்து பார்த்தால் ‘தமிழ்’ என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ‘தம’ என்று ஒன்றும் ‘ழ’ என்று ஒன்றும் தனித்தனியாக நிற்கும். ‘மழை’ என்பது வெறும் ‘மழ’ என்று இருக்கும். இரண்டுமே அகராதியில் இல்லாதவை, எனவே எல்லாம் பிழை என்று பாட் அடித்துத் தள்ளும்.

காரணம் இதுதான். பைத்தானோடு வரும் ரெஜெக்ஸ் என்ற சொல் தேடும் கருவியில் ‘சொல்லுக்குரிய எழுத்து’ என்று ஒரு குறி உண்டு. அது எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் மட்டுமே ஏற்கும். நம் புள்ளி, துணைக்கால், கொம்பு, ஐகாரக் கொம்பு எல்லாம் யூனிகோட் கணக்கில் எழுத்துகள் அல்ல, எழுத்தோடு ஒட்டும் குறிகள். குறி வந்த இடத்தில் சொல் முடிந்துவிட்டது என்று அது நினைத்துக்கொள்கிறது. த, ம வரை ஒரு சொல், அடுத்து வரும் இகரக் குறியில் வெட்டு, ழ ஒரு சொல், புள்ளியில் மறுபடி வெட்டு. சொல்லின் எல்லையைக் காட்டும் குறியும் இதே தப்பைச் செய்யும்.

தீர்வு எளிது. அந்தக் குறியைப் பயன்படுத்தாமல், தமிழ்த் தொகுதியின் முதல் இடத்திலிருந்து கடைசி இடம் வரை என்று நீங்களே வரம்பு கொடுத்து, அதற்குள் தொடர்ந்து வருவதெல்லாம் ஒரு சொல் என்று வையுங்கள்.

துண்டாகாமல் இதற்கு நேர்மாறாக இரண்டு சொற்கள் ஒட்டிக்கொண்டு ‘வந்தேன்மழை’ என்று தெரிந்தால் கோளாறு வேறு இடத்தில். மாஸ்டடான் பதிவை, இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் ஆகத்தான் தரும். குறிச்சொற்களை அப்படியே உருவி எறிந்தால் வரி முறியும் இடத்தில் இருந்த இடைவெளியும் சேர்ந்து போய்விடும். வரி முறிவையும் பத்தி முடிவையும் முதலில் புதுவரியாக மாற்றிவிட்டு, அப்புறம் மற்றதை உருவுங்கள்.

சரியாக எழுதிய சொல்லையும் பிழை என்கிறது

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு ஒன்றாக இருப்பதில்லை. ‘கோத்தகிரி’யின் முதல் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். க-வோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். இரட்டைக் கொம்பு தனி, துணைக்கால் தனி என்று இரண்டு குறிகளாகவும் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ‘கோ’தான். அகராதியில் ஒரு வகையும் பதிவில் இன்னொரு வகையும் இருந்தால் பொருந்தவே பொருந்தாது. யூனிகோட் இயல்பாக்கத்தில் என்.எஃப்.சி வடிவம் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடும். வருகிற பதிவை மட்டும் இயல்பாக்கினால் போதாது, அகராதியையும் ஒருமுறை அதில் போட்டு எடுங்கள். அகராதியை விட்டுவிட்டு இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

இயல்பாக்கம் சரிசெய்யாத ஒன்று, ஔகாரக் குறிக்குப் பதிலாக அடிக்கும் ள. பலர் ‘கௌரி’ என்பதற்கு ஒற்றைக் கொம்பும் ள என்ற எழுத்தும் அடித்து ‘கெளரி’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘பெளர்ணமி’யும் அப்படித்தான். பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும், உள்ளே அது கெ, ள, ரி. கொம்பும் ள-வும் வந்த இடத்தையெல்லாம் ஔகாரமாக மாற்றிவிடலாம் என்று தோன்றும். செய்துவிடாதீர்கள். வெள்ளம், தெளிவு, கெளுத்தி எல்லாம் அன்றே செத்துப்போகும். மாற்றாத வடிவம் அகராதியில் இல்லை, மாற்றிய வடிவம் இருக்கிறது என்றால் மட்டும் மாற்றுங்கள்.

கண்ணுக்கே தெரியாத குறிகள் இன்னொரு தொல்லை. சில விசைப்பலகைகள் க்ஷ-வை உடைத்துக் காட்டுவதற்காக நடுவில் அகலமில்லாத ஒரு குறியைப் போடும். ஒப்பிடும் முன் அதை எடுத்துவிட்டு ஒப்பிடுங்கள். ‘ஸ்ரீ’யும் இரண்டு வகையில் வரும். ஸ-வில் தொடங்குவது ஒன்று, 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶ-வில் தொடங்குவது இன்னொன்று. இரண்டையும் அகராதியில் ஏற்றிவிட்டால் போதும்.

அகராதியின் முதல் சொல் மட்டும் எப்போதும் பிழை என்று வந்தால் கோப்பின் தலையில் பாம் என்ற, கண்ணுக்குத் தெரியாத குறி ஒட்டியிருக்கிறது. விண்டோஸ் கணினியில் சேமித்த கோப்பாக இருக்கும். அந்தக் குறியைக் கழித்துப் படிக்கும் யூடிஎஃப்-8 வகையில் கோப்பைத் திறங்கள்.

‘மழை பெய்தது’ என்பதை ‘மழைப் பெய்தது’ என்று திருத்துகிறது

ஒற்று ஓடத் தொடங்கிய முதல் வாரம். ஒருவர் கட்டபெட்டில் விடிய விடிய மழை பெய்தது என்று எழுதிவிட்டு ஒற்றுவைக் கூப்பிட்டிருந்தார். மறு நிமிடமே அது ‘மழைப் பெய்தது’ என்று திருத்தம் போட்டது. எனக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை. போனை எடுத்துக்கொண்டு ஐயா வீட்டுக்குப் போனேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னார்:

“ஏம்மா, மழை எதையாவது பெய்யுதா? மழைதானே பெய்யுது! அது எழுவாய்ம்மா. எழுவாய்க்குப் பின்னால எதுக்கு ஒற்று?”

என் நிரலில் இருந்த விதி இவ்வளவுதான்: ஐகாரத்தில் முடியும் சொல்லுக்குப் பின் க, ச, த, ப வரிசை வந்தால் ஒற்றைச் சேர். பள்ளிக்கூடத்தில் ‘இரண்டாம் வேற்றுமை விரியில் வல்லினம் மிகும்’ என்று படித்ததை அப்படி எழுதிவைத்திருந்தேன். பாலைக் குடித்தான், கதவைத் தட்டினாள் என்பதற்கெல்லாம் அது சரி. ஆனால் ஐயில் முடிவதெல்லாம் ஐ உருபு ஏற்றது இல்லை. அதிலும் எங்கள் ஊர்ச் சொற்களைப் பாருங்கள். மலை, மழை, தேயிலை, சாலை, பாறை, ஓடை, காலை, மாலை, வேலை. இங்கே இருந்துகொண்டு நாலு வரி எழுதினால் இவற்றில் ஒன்றாவது வந்து விழும். எனவே இந்த ஒரு விதி தப்பாக இருந்தால் பாட் முழுவதுமே தப்பாகத் தெரியும்.

தேயிலையை மட்டும் எடுத்து ஐயா ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்தார்.

தேயிலை காய்ந்தது.
தேயிலை பறித்தாள்.
தேயிலையைப் பறித்தாள்.
தேயிலைத் தோட்டம்.

முதல் வரியில் தேயிலை எழுவாய், ஒற்று இல்லை. இரண்டாவதில் அது செயப்படுபொருள், ஆனால் உருபு மறைந்து நிற்கிறது, அங்கும் இல்லை. மூன்றாவதில் உருபு வெளியே தெரிகிறது, மிகுந்தே ஆக வேண்டும். நாலாவதில் பெயரும் பெயரும் சேர்ந்து தொகையாகிறது, அங்கும் மிகும். அந்தத் தாளை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்திருக்கிறேன். ஒற்றுவின் சந்திப் பகுதியை அதை வைத்துத்தான் திரும்ப எழுதினேன்.

இப்போது அது பார்க்கும் முறை இது. ஐயில் முடியும் சொல் அப்படியே முழுதாகப் பெயர்ச்சொல் பட்டியலில் இருக்கிறதா? இல்லையென்றால் ஐயைக் கழித்துப் பார். ‘தோட்டத்தை’ என்பதில் ஐயையும் அத்துச் சாரியையையும் கழித்தால் தோட்டம் கிடைக்கிறது. அது உருபு ஏற்ற சொல்தான். க, ச, த, ப வரிசையில் தொடங்கும் அடுத்த சொல் எதுவானாலும் ஒற்று மிகும், துணிந்து சொல்லலாம். மழை, மலை, தேயிலை போல முழுச் சொல்லே பெயராக இருந்தால் அடுத்த சொல்லைப் பார். அது பெய்தது, தெரிந்தது, பறித்தார்கள் என்று காலமும் இடமும் காட்டி முடியும் வினையாக இருந்தால் வாயை மூடிக்கொள். அடுத்தது பெயராக இருந்தாலும் உடனே ஒற்றைச் சேர்க்காதே. மழைக்காலம், மலைப்பாதை, தேயிலைத் தோட்டம், சாலைப் பணி என்று தெரிந்த இணைகளின் பட்டியலில் இருந்தால் மட்டும் சொல்.

அப்படியும் மிஞ்சுவது சில இரட்டைச் சொற்கள். காலை என்பது பொழுதாகவும் இருக்கலாம், கால் என்ற உறுப்பு ஐ ஏற்று வந்ததாகவும் இருக்கலாம். ‘காலை பார்த்தேன்’ என்றால் விடிந்ததும் பார்த்தேன், ‘காலைப் பார்த்தேன்’ என்றால் பாதத்தைப் பார்த்தேன். ‘வேலை கொடுத்தான்’ என்றால் பிழைக்க வழி செய்தான், ‘வேலைக் கொடுத்தான்’ என்றால் முருகன் கையில் இருப்பதைக் கொடுத்தான். மாலை, பாலை, ஆலை எல்லாம் இதே வகை. எழுதியவர் எதை நினைத்தார் என்று பட்டியலை வைத்துக்கொண்டு கண்டுபிடிக்க முடியாது. இந்தச் சொற்களுக்கு ஒற்று எதுவுமே சொல்லாது. பத்துப் பிழையைக் கவனிக்காமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சரியாக எழுதிய ஒருவரிடம் தப்பு என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அவர் அடுத்த தடவை கூப்பிடவும் மாட்டார், அதைவிட மோசமாக, சரியானதை மாற்றி எழுதவும் தொடங்கிவிடுவார்.

உயிர்முன் க ச த ப மிகும் என்ற நன்னூல் நூற்பாவே ‘விதவாதன’ என்று ஒரு சொல்லை வைத்திருக்கிறது. தனியாக எடுத்துச் சொல்லப்படாத இடங்களுக்குத்தான் அந்த விதி. பவணந்தியார் விதிவிலக்குக்கு முதலிலேயே இடம் விட்டுத்தான் எழுதியிருக்கிறார். நிரலிலும் அப்படித்தான் வரிசை இருக்க வேண்டும். மிகாத இடங்களை முதலில் சோதித்து வெளியேறுங்கள், மிகும் இடங்களைக் கடைசியில் வையுங்கள். நான் தலைகீழாக எழுதியிருந்தேன்.

இதே குடும்பத்துக் கோளாறுகள் இன்னும் இரண்டு. ‘அந்தப் பையன்’ சரி என்பதால் ‘ந்த’ என்று முடிவதற்கெல்லாம் ஒற்றுப் போட்டால் ‘வந்தப் பையன்’ வரும். வந்த என்பது பெயரெச்சம், மிகாது. அந்த, இந்த, எந்த மூன்றையும் முழுச் சொல்லாக ஒப்பிடுங்கள்.

இரண்டாவது வினையெச்சம். இங்கே மட்டும் விதி கண்ணாடி மாதிரித் தெளிவு. ‘து’வுக்கு முன் த் இருந்தால் மிகும்: எடுத்துக் கொடுத்தான். ந் இருந்தாலும் ய் இருந்தாலும் மிகாது: வந்து கொடுத்தான், செய்து கொடுத்தான். ஒரே ஒரு எச்சரிக்கை. ‘முத்து கடைக்குப் போனான்’ என்பதை ‘முத்துக் கடைக்கு’ என்று என் பாட் மாற்றியபோது, முத்து என்ற பெயருள்ளவரே வந்து கேட்டார். ஆட்பெயர்ப் பட்டியல் ஒன்று கட்டாயம் வேண்டும்.

தப்பாகத் திருத்திய வாக்கியம் ஒவ்வொன்றையும் ஒரு கோப்பில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஒரு பக்கம் எழுதியது, மறுபக்கம் வர வேண்டிய பதில். எந்த விதியை மாற்றினாலும் முதலில் அந்தக் கோப்பு முழுவதையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விட வேண்டும். என் கோப்பின் முதல் வரி ‘மழை பெய்தது’.

பனியும் பணியும்: பிழை இருக்கிறது, பாட் பிடிக்கவில்லை

டிசம்பர், ஜனவரியில் உதகையில் உறைபனி விழும்போது இது அடிக்கடி வரும். ‘தலைகுந்தாவில் இன்று கடும் பணி’ என்று எழுதுவார்கள். பணி என்பதும் அகராதியில் இருக்கிற சொல்தான். சொல்லைத் தனியாகப் பார்க்கும் எந்தத் திருத்தியும் இதைக் கடந்து போய்விடும். கரை, கறை, மலை, மழை, அரை, அறை எல்லாம் இதே கதை.

பக்கத்துச் சொல்லைப் பார்ப்பது தவிர வேறு வழியில்லை. பனிக்குப் பக்கத்தில் உறை, மூட்டம், குளிர், கொட்டுதல், படர்தல் போன்றவை வரும். பணிக்குப் பக்கத்தில் நியமனம், ஓய்வு, ஆள், நேரம், புரிதல் வரும். இரண்டு சொல்லுக்குள் எதிர்த்தரப்புச் சொல் ஒன்று இருந்தால் மட்டும் ‘பனியா, பணியா என்று ஒருமுறை பாருங்கள்’ என்று கேள்வியாகக் கேட்கலாம். மேலே சொன்ன ‘கடும் பணி’யைக் கேள்வியாகக்கூடக் கேட்க முடியாது, கடுமையான வேலையாகவும் இருக்கலாமே. தலைகுந்தா என்ற ஊர்ப்பெயரைப் பனியின் பட்டியலில் சேர்த்தபின்தான் அந்த வாக்கியம் பிடிபட்டது. இந்த மாதிரிப் பட்டியல்களை உங்கள் ஊர் அறிந்து நீங்களேதான் கட்ட வேண்டும்.

ஊர்ப்பெயரையும் சாமி பெயரையும் மாற்றுகிறது

அகராதியில் இல்லாத சொல்லுக்கு, ஓரெழுத்து மாற்றினால் கிடைக்கும் சொல்லைப் பரிந்துரைப்பது எல்லாத் திருத்திகளும் செய்வது. எங்கள் மலையில் அது பெரிய தப்பில் கொண்டுபோய் விட்டது. ‘ஹட்டி’ என்றால் படக மொழியில் ஊர். ஒற்று அதைப் ‘பட்டி’ என்று மாற்றச் சொன்னது. அதோடு நின்றதா? படகர்களின் குலத்தாயான ஹெத்தையின் பண்டிகை பற்றி ஒரு பெண் எழுதியிருந்தாள். ‘ஹெத்தை’ என்று அவள் எழுதிய இடத்தில் எல்லாம் ‘அத்தை’ என்று பரிந்துரை போயிருந்தது. படித்ததும் எனக்கு உடம்பு கூசியது. பதிலை அழித்துவிட்டு அவளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லக்கா, ஆனா அதுக்கு எங்க பேச்சு தெரியாதுன்னு சொல்லிக் கொடுங்க” என்றாள்.

படகம் தமிழின் கொச்சை வடிவம் இல்லை. திராவிடக் குடும்பத்தில் அது தனி மொழி. அதைப் பேசுகிறவர்கள் தமிழ் எழுத்திலும் எழுதுகிறார்கள். தமிழ் எழுத்தில் இருப்பதாலேயே அது தமிழ் என்று ஒற்று எடுத்துக்கொண்டது. இப்போது மூன்று தடுப்புகள் வைத்திருக்கிறேன். ஹ, ஜ, ஷ, ஸ உள்ள தெரியாத சொல்லுக்குப் பரிந்துரையே கிடையாது. நீலகிரி ஊர்ப்பெயர்கள், தோடர் குடியிருப்புகளான மந்துகளின் பெயர்கள், பண்டிகைப் பெயர்கள் எல்லாம் தொடக்கூடாத பட்டியலில் இருக்கின்றன. படகத்தில் அடிக்கடி வரும் சொற்களின் பட்டியல் ஒன்றையும் அந்தப் பெண்ணும் அவள் தோழிகளும் தயாரித்துக் கொடுத்தார்கள். ஒரு பதிவில் அவற்றில் மூன்று வந்துவிட்டால் ஒற்று, ‘எனக்கு இந்த மொழி தெரியாது’ என்று மட்டும் பதில் சொல்லும்.

பேச்சுத்தமிழுக்கும் இதே மரியாதை வேண்டும். ‘மழ பேஞ்சுது, இல எடுக்கப் போகல’ என்று எழுதியவர் எழுத்துத் தமிழில் எழுத முயன்று தவறவில்லை. பேசுகிறபடி எழுதியிருக்கிறார். பேச்சு முடிவுகள் நிறைய இருந்தால் அந்தப் பதிவை விட்டுவிடுங்கள்.

திருத்தச் சொன்னால் வாக்கியத்தையே மாற்றி எழுதுகிறது

விதிகளுக்குப் பதிலாக, சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்கும் ஒரு பெரிய மொழி மாதிரியை இணைத்தவர்களுக்கு வரும் கோளாறு இது. ‘பிழையை மட்டும் திருத்து’ என்று எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் அது சொல்லை மாற்றும், வரிசையை மாற்றும், ‘இலை எடுக்க’ என்பதைத் ‘தேயிலை அறுவடை செய்ய’ என்று ஆக்கும். எழுதியவரின் குரலே போய்விடும்.

கட்டளையை மெருகேற்றிக்கொண்டிருக்காமல், திரும்பி வந்ததைச் சலித்து எடுங்கள். மூல வாக்கியத்தையும் வந்த வாக்கியத்தையும் சொல் சொல்லாக அடுக்குங்கள். சொல் எண்ணிக்கை மாறியிருந்தால் முழுவதையும் தள்ளிவிடுங்கள். ஒரு சொல்லின் கடைசியில் க், ச், த், ப் சேர்ந்தோ நீங்கியோ இருந்தால், அல்லது ல, ள, ழ போன்ற இன எழுத்தில் ஒன்று மட்டும் மாறியிருந்தால் ஏற்கலாம். அதையும் மேலே சொன்ன ‘மழை பெய்தது’ கோப்பில் போட்டுச் சோதித்த பிறகு.

ஒரே பதிவுக்கு மூன்று பதில், அல்லது முடிவே இல்லாத உரையாடல்

தன் கணக்கிலிருந்து வந்ததையும், பாட் என்று குறியிட்ட மற்றக் கணக்குகளிலிருந்து வந்ததையும் முதல் வரியிலேயே ஒதுக்குங்கள். பதில் போட்ட பதிவுகளின் எண்களை எஸ்டி கார்டில் ஒரு சிறு தரவுத்தளத்தில் எழுதிவையுங்கள், நினைவகத்தில் வைத்தால் கரண்ட் போனதும் மறந்துவிடும். பதில் அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் மறுபடி அனுப்புவதால் வரும் இரட்டைப் பதிலுக்கு, அனுப்பும்போது ஐடெம்பொட்டென்சி சாவி ஒன்றைத் தலைப்பில் சேர்க்க வேண்டும். மூலப் பதிவின் எண்ணையே சாவியாக வைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் அதே பதில் இரண்டாவது முறை பதிவாகாது.

429, அதாவது ‘அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள்’ என்று திரும்புகிறது

மாஸ்டடானில் வழக்கமான வரம்பு ஒரு கணக்குக்கு 5 நிமிடத்தில் 300 கோரிக்கைகள். விநாடிக்கு ஒருமுறை ‘அழைப்பு வந்ததா’ என்று கேட்டால் அதிலேயே 300 தீர்ந்துவிடும், பதில் போட மிச்சம் இருக்காது. நேரலை ஓடையைப் பயன்படுத்துங்கள், அல்லது அரை நிமிடத்துக்கு ஒருமுறை கேளுங்கள்.

பதில் பாதியில் வெட்டுப்பட்டு, கடைசி எழுத்தின் புள்ளி காணாமல் போகிறது

பதிவின் வழக்கமான அளவு 500. பைத்தானில் நீளத்தைக் கேட்டால் ‘கோத்தகிரி’ 9 என்று சொல்லும். மாஸ்டடான் அதைக் கோ, த், த, கி, ரி என்று 5 ஆகத்தான் எண்ணும். உங்கள் கணக்கு மிகையாகப் போவதால் தேவையில்லாமல் வெட்டுகிறீர்கள், அதுவும் மெய்க்கும் புள்ளிக்கும் நடுவில். ஓப்பன் தமிழின் எழுத்துப் பிரிப்பான் கொண்டு எண்ணுங்கள். வெட்டியே ஆக வேண்டும் என்றால் சொல் முடியும் இடத்தில் வெட்டுங்கள்.

திருத்தம் சரி, ஆனால் கேட்டவர் முகம் வாடுகிறது

ஒருவர் தன் அப்பாவின் கருமாதி அழைப்பை அச்சுக்குக் கொடுக்கும் முன் தனிச்செய்தியில் ஒற்றுவுக்கு அனுப்பிப் பார்த்தார். பதில் எல்லோருக்கும் தெரியும்படி போய்விட்டது. நிரலில் பதிலின் பார்வை அளவை நான் குறிப்பிடவில்லை, கணக்கின் இயல்பு அமைப்பான ‘எல்லோருக்கும்’ என்பதை அது எடுத்துக்கொண்டது. எந்த அளவில் கேட்கிறார்களோ அதே அளவில் பதில் போக வேண்டும். எல்லோருக்கும் தெரியக் கேட்டால்கூடப் பொது ஓடையில் ஏறாத அளவில்தான் இப்போது பதில் போகிறது. பிழைகளை ஊரறியச் சொல்ல வேண்டியதில்லை.

கூப்பிடாத பதிவைத் தொடவே கூடாது. வேறொருவர் எழுதியதற்குக் கீழே யாராவது வந்து ஒற்றுவைக் கூப்பிட்டாலும் தொடக்கூடாது. எழுதியவரே கேட்டால்தான் பதில்.

பதில் ஒரு நேரத்தில் மூன்று திருத்தத்துக்கு மேல் போகாது, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணம் இருக்கும்: ‘தோட்டத்துக்கு போனேன் – தோட்டத்துக்குப் போனேன். கு உருபுக்குப் பின் ப் மிகும்.’ ‘தவறு’ என்ற சொல்லைப் பதில்களிலிருந்து எடுத்துவிட்டேன். இது ஐயா சொன்னது. நாற்பது வருடம் சிவப்பு மையில் திருத்தியவர். பிள்ளைகள் நோட்டைத் திருப்பி வாங்கும்போது முதலில் பார்ப்பது எத்தனை சிவப்பு என்பதைத்தான் என்றார்.

கடைசியாக ஒன்று. மாஸ்டடான் 3.5 பதிப்பிலிருந்து, அதாவது 2022 முதல், போட்ட பதிவைத் திருத்த முடியும். திருத்தம் கேட்டவர் பதிவைச் சரிசெய்துவிட்டால், அதற்குக் கீழே ஒற்றுவின் பழைய பதில் மட்டும் தனியாகத் தொங்கிக்கொண்டிருக்கும். பதில் போட்ட பதிவுகளை முதல் ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி எடுத்து, திருத்திய நேரம் என்ற புலம் நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கிறேன். நிரம்பியிருந்து, சொன்ன பிழைகளும் போயிருந்தால், ஒற்று தன் பதிலைத் தானே அழித்துவிடும்.